சுவான்சௌவில் ஒரு நாள்: மிளகு போய் இறங்கிய ஊரில் எதைப் பார்ப்பது, எதைச் சாப்பிடுவது, எதை வாங்குவது?

கேள்வி இதுதான். வேலை விஷயமாக ஒரு கணவனும் மனைவியும் சீனாவின் ஷியாமென் நகரத்துக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. பக்கத்தில் இருக்கும் சுவான்சௌவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். காலையில் போய் இரவு திரும்பினால் போதுமா? என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கி வரலாம்? மனைவி சைவம்.

ஒரு நாள் போதும். ஆனால் தமிழ்த் தடயத்தை மட்டும் தேடிப் போகாதீர்கள். அப்படிப் போனால் இரண்டு தூண்களையும் சில கற்களையும் படம் எடுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். அந்தக் கற்கள் ஏன் அங்கே போயின, அந்த ஊர் நம்மிடம் என்ன வாங்கியது, என்ன விற்றது என்று பார்த்தால்தான் அந்த நாள் நிறையும். ஷியாமெனில் இருந்த காலத்தில் நான் ஆறேழு முறை சுவான்சௌ போயிருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பெயர். கான்டன் என்று நாம் பழைய பாடப்புத்தகங்களில் படித்த குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. இரண்டும் ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சீட்டு எடுக்கும்போது முதல் எழுத்தைப் பாருங்கள். இல்லையென்றால் பல மணி நேரப் பயணத்துக்குப் பணம் கட்டிவிடுவீர்கள். இந்த ஊருக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு: ஸைத்தூன். பத்தாம் நூற்றாண்டில் நகரச் சுவரைச் சுற்றி ஒரு மரத்தை வரிசையாக நட்டார்கள். சீனத்தில் அதன் பெயர் ட்சுதொங். அரபு வணிகர்களின் வாயில் அது ஸைத்தூன் ஆனது. அந்த மரம் எது தெரியுமா? நம் ஊர் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கைதான். இலையை அரைத்து அடை சுடுவோமே, அதே மரம், அதே சிவப்புப் பூ. இன்றைக்கும் ஊரின் அடையாளப் பூ அதுதான்.

ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். 2023 செப்டம்பரில் புதிய பாதை திறந்த பிறகு சுவான்சௌ தெற்கு, சுவான்சௌ கிழக்கு என்று வேறு நிலையங்களும் வந்துவிட்டன. பழைய நகரத்துக்குப் போக, திசை எதுவும் ஒட்டாத வெறும் ‘சுவான்சௌ’ நிலையத்துக்கே சீட்டு எடுங்கள். ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அதுதான் ரயில் சீட்டு, அருங்காட்சியகத்திலும் அதைக் கேட்பார்கள்.

நிலையத்திலிருந்து டாக்சியில் நேராக மேற்குத் தெருவுக்குப் போய், முதலில் சாப்பிடுங்கள். இந்த ஊர்க் காலை உணவு மியென்ஷியென்ஹூ. நூலைவிட மெல்லிய கோதுமைச் சேமியாவைக் குழம்பில் போட்டு, அது கரைந்து கஞ்சிப் பதத்துக்கு வரும்வரை வேகவிட்ட பண்டம். கடை வாசலில் தட்டுத் தட்டாகச் சேர்மானங்கள் இருக்கும்: சிப்பி, இறால், வினிகரில் ஊறவைத்துப் பொரித்த பன்றி இறைச்சி, குடல், ஈரல், முட்டை, பொரித்த மாவுக் குச்சி. விரலால் காட்டினால் கிண்ணத்தில் போட்டுத் தருவார்கள். கடைசியாக மேலே வெள்ளை மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவுவார்கள். முதல் வாயிலேயே மூக்கில் ஏறும். அந்த மிளகை நினைவில் வையுங்கள். நாள் முழுக்க அது உங்களோடு வரும். விலை, போடும் சேர்மானத்தைப் பொறுத்து பத்து, இருபது யுவான். ஒரு யுவானை ஏறக்குறைய 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

சைவர்களுக்கு இந்தக் கிண்ணம் ஆகாது. மேலே எதையும் போடாவிட்டாலும் குழம்பு எலும்பிலோ கடல் உணவிலோ கொதித்ததாகத்தான் இருக்கும். அவர்களுக்குப் பக்கத்திலேயே வேர்க்கடலைப் பாயசம் இருக்கிறது. தோல் நீக்கிய கடலையை வாயில் வைத்தால் கரையும் அளவுக்கு வேகவைத்துச் சர்க்கரை போட்ட, பால் நிறத்தில் இருக்கும் சூடான கஞ்சி. முட்டையைச் சில கடைகளில் கேட்காமலே உடைத்து ஊற்றிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடத் தொட்டுக்கொள்ள பொரித்த மாவுக் குச்சி. இன்னொன்று மான்ஜியென்காவ்: தடித்த தோசை போல ஊற்றி, உள்ளே வறுத்த கடலைப்பொடியும் எள்ளும் சர்க்கரையும் தூவி மடித்து வெட்டித் தருவது. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் இதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். பினாங்குத் தெருக்களில் விற்கும் அப்பம் பாலிக்கின் அண்ணன் இது. அங்கே போன ஹொக்கியன் சீனர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் இந்தக் கரைதான்.

சாப்பிட்டுவிட்டு நடந்தால் கய்யுவான் கோயில். தொடங்கியது 686இல். ஒரு பணக்காரர் தன் முசுக்கட்டைத் தோட்டத்தைத் தர மனமில்லாமல், ‘மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன்’ என்றாராம்; பூத்துவிட்டதாம். அந்த மரம் என்று ஒரு கிழட்டு முசுக்கட்டையை இன்றும் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் கொடியோடு வந்துவிடும், அதற்கு முன்பே போய்விடுங்கள். எல்லோரும் முன்வாசலில் நின்று ஊதுபத்தி ஏற்றுவார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள்.

பின் தாழ்வாரத்தின் நடுவில், கருமை படிந்த இரண்டு கல்தூண்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். சதுரமும் பதினாறு பட்டையும் மாறி மாறி வரும் அந்த அமைப்பைத் தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சதுரங்களின் முகங்களில் வட்டத்துக்குள் சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர் இருக்கிறார். யானையைக் காக்க வந்த திருமால் இருக்கிறார். உரலோடு இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்த கண்ணன் இருக்கிறார். கோபியரின் சேலைகளை மரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரும் அவரே. முகங்கள் மட்டும் கொஞ்சம் சீன முகங்கள். கல் உள்ளூர்க் கல். செதுக்கிய கைகளும் உள்ளூர்க் கைகள்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கதை சொன்னவர் யாரோ ஒரு நம்மூர்க்காரர், உளி பிடித்தவர் சுவான்சௌக்காரர். அந்த இடத்தில் நான் நின்ற முதல் தடவை கையை வைக்கலாமா என்று தயங்கிக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நீங்களும் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கை மட்டும் வைக்காதீர்கள். எழுநூறு வருடத்துக் கல்.

ஒரு புத்தர் கோயிலில் இவை எப்படி வந்தன? மங்கோலியர்கள் சீனாவை ஆண்ட யுவான் வம்ச காலத்தில் இங்கே தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயில் ஒன்று இருந்தது. கிடைத்த இருமொழிக் கல்வெட்டில் தமிழ் வரிகளும் கீழே சீன எழுத்தும் இருக்கின்றன. சகாப்தம் 1203, சித்திரை மாதம். நம் கணக்கில் 1281. தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர், ‘செகசை கான்’ உடல்நலத்துக்காகத் திருக்கதலீசுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. செகசை கான் என்பது அப்போது சீனாவை ஆண்ட குப்ளாய் கானைக் குறிக்கிறது. மங்கோலியப் பேரரசருக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சீனக் கடற்கரையில் தமிழில் வேண்டுதல்! அடுத்த நூற்றாண்டின் நடுவே, யுவான் ஆட்சி சரிந்தபோது நடந்த கலவரங்களில் வெளிநாட்டு வணிகர் குடியிருப்புகள் அழிந்தன. கோயிலும் போனது. கல்லை ஊரார் வீணாக்கவில்லை. அடுத்து வந்த மிங் வம்ச காலத்தில் கய்யுவான் மண்டபத்தைப் புதுப்பித்தபோது தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போகும் முன் கல்வெட்டின் வாசகத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள், தூண்கள் வேறு மாதிரி தெரியும்.

தூண்களைப் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தால் மண்டபத்தின் அடிமேடையைக் குனிந்து பாருங்கள், பெரும்பாலானோர் அதைத் தவறவிடுகிறார்கள். சிங்க உடலும் மனித முகமுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நம் கோயில்களின் புருஷாமிருகம் நினைவுக்கு வரும். இவையும் அதே சிவன் கோயிலிலிருந்து வந்தவை. பிறகு இரட்டைக் கல்கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 48 மீட்டருக்குச் சற்று மேல், மேற்குக் கோபுரம் 44. இரண்டும் பதிமூன்றாம் நூற்றாண்டில் கல்லால் கட்டியவை. 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்திலும் விழவில்லை. மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் கத்தி ஏந்திய குரங்குமுக வீரன் ஒருவன் இருக்கிறான். அனுமனோடு அவனைத் தொடர்புபடுத்துபவர்களும் உண்டு.

கோயில் வளாகத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கட்டடம். உள்ளே ஒரு கப்பல். 1974இல் ஹோவ்சூ துறையில் சேற்றுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தது. யுவானுக்கு முந்தைய தெற்குச் சுங் ஆட்சியின் கடைசி வருடங்களைச் சேர்ந்தது. மேல்தளம் போய், அடிப்பாகம் மட்டும் 24 மீட்டர் நீளத்துக்கு மிஞ்சியிருக்கிறது. அதைப் பதிமூன்று அறைகளாகத் தடுத்திருக்கிறார்கள். ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். உள்ளே இருந்த சரக்கு: வாசனைக் கட்டைகள் குவியல் குவியலாக, குங்கிலியம் போன்ற பிசின்கள், கொட்டைப்பாக்கு, சோழிகள், ஆமையோடு, மிளகு. இன்னார் சரக்கு என்று பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் கிடைத்தன. தென்கிழக்கு ஆசியக் கடல் பக்கமிருந்து திரும்பி வந்த கப்பல் என்பதே பொதுவான முடிவு. காலையில் உங்கள் கிண்ணத்தில் தூவினார்களே, அந்தப் பழக்கத்துக்கு இந்த வயது. அலெக்ஸாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஸைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ எழுதி வைத்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் நம் பக்கத்துக் கடற்கரைகளின் மிளகு மேற்கே போன கதையை மட்டும் படித்து வளர்ந்த நமக்கு, கிழக்கே எவ்வளவு போயிருக்கிறது என்பது இந்தக் கப்பலின் முன் நிற்கும்போதுதான் உறைக்கிறது.

பதினோரு மணி வாக்கில் கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்கு டாக்சி பிடியுங்கள். இதுவும் இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமை உங்களுக்குக் கவலையில்லை. மேல்மாடிக் கப்பல் மாதிரிகள் அழகானவை, ஆனால் நேரம் குறைவு என்றால் நேராக மதக் கற்சிற்பக் கூடத்துக்குப் போங்கள். தாமரையின்மேல் நிற்கும் சிலுவை, அரபு எழுத்தில் கல்லறைக் கற்கள், அவற்றுக்கு அடுத்து நம் சிவன் கோயிலின் மிச்சங்கள். யானை லிங்கத்தை வழிபடும் பலகை ஒன்று இருக்கிறது. திருவானைக்காவின் தலக்கதை! பசு லிங்கத்தின்மேல் பால் சொரியும் பலகையும் கிடைத்திருக்கிறது. நம் ஊர்க் கோயில் சுவரில் கவனிக்காமல் கடந்துபோகும் கதைகள் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது கால் நகராது. இந்த ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில், பழைய இந்துப் பெண்தெய்வச் சிலை ஒன்றை ஊரார் கருணைத் தெய்வமான குவான்யின் என்றே நினைத்து விளக்கேற்றி வருகிறார்கள். அதைப் பார்க்க ஒரு நாளில் நேரம் கிடைக்காது, தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

மதியத்துக்குப் பழைய நகரத்துக்கே திரும்பி தூமென் தெருவில் இறங்குங்கள். அங்கே சிங்ஜிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1009இல் கட்டியது, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுப்பித்தது. தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை. சுவர்களும் சன்னல்களும் வானமும் மட்டும். அதற்குச் சில அடி தள்ளியே குவான்யுவே கோயில், எப்போதும் புகையும் கூட்டமும். அங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பிறை வடிவில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைக் கையில் வைத்து வேண்டிக்கொண்டு கீழே போடுவார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சாமி சம்மதம். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான். ஒரு பாட்டி நான்கைந்து முறை போட்டுப் பார்த்து, கடைசியில் முகம் மலர்ந்து எழுந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். படம் எடுக்காமல் தள்ளி நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அசைவர்களுக்கு என் முதல் தேர்வு இஞ்சி வாத்து. வாத்தை முதிர்ந்த இஞ்சித் துண்டுகளோடு மண்சட்டியில் போட்டு, நல்லெண்ணெயில் மெதுவாகச் சுண்டவைப்பார்கள். இஞ்சி மொறுமொறுவென்று ஆகிவிடும், வாத்தைவிட இஞ்சியைத்தான் பொறுக்கித் தின்பீர்கள். கடற்சிப்பியை வள்ளிக்கிழங்கு மாவில் போட்டு முட்டையோடு சுடும் அடையும் நன்றாக இருக்கும். மாட்டிறைச்சிச் சாறும் உப்புச்சோறும் இங்கே மிகப் பிரபலம்; மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘நியூரோவ்’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தூசுன்தோங் என்று தெளிவான ஜெல்லிக்குள் ஏதோ இருப்பதை எல்லாக் கடையிலும் பார்ப்பீர்கள். அது சேற்றில் வாழும் கடற்புழு. வேகவைத்தால் அதன் பசையே உறைந்து ஜெல்லியாகிவிடும். பூண்டும் வினிகரும் சேர்த்துச் சாப்பிட்டால் குளிர்ச்சியாக, சிப்பியைப் போலவே இருக்கும். எனக்குப் பிடிக்கும், உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

சைவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் பட்டினி கிடக்கிறார்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே குழம்பை ஊற்றுவார்கள். ‘வோ ச்சி சூ’, அதாவது ‘நான் சைவம் சாப்பிடுகிறவள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். இது புத்த மதத்தோடு வந்த சொல், எல்லோருக்கும் உடனே புரியும். பன்றிக் கொழுப்பும் மீனும் சேர்க்கக் கூடாது என்பதும் அதற்குள் அடக்கம். இந்தச் சொல்லைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது. ‘சூ’ என்ற எழுத்து பலகையில் உள்ள உணவகங்கள் பெரிய கோயில்களின் அக்கம்பக்கத்தில் இருக்கும். காய்கறி, சோயாப் பால்கட்டி, காளான் என்று தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். வெங்காயம், பூண்டுகூட இருக்காது, நம் ஊர் விரதச் சமையல் போல. ருன்பிங் என்று ஒரு சுருட்டல் உண்டு: காகிதம் போன்ற மெல்லிய ரொட்டியில் கேரட், முட்டைக்கோஸ், கடலைப்பொடி வைத்துச் சுருட்டியது. சிங்கப்பூரின் போப்பியாவுக்கு மூலம் இது. சாதாரணக் கடையில் சிப்பியும் இறைச்சியும் கலந்திருக்கும். சைவக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள்.

வெயிலுக்கு ஷிஹ்வாகாவ் சாப்பிடுங்கள். கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்து, நூல் நூலாகச் சீவி, தேன் ஊற்றி, பச்சைப்பயறு, தாமரை விதை, பழத்துண்டுகள் போட்டுத் தருவார்கள். நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசியின் உறவு இது. மளிகைக் கடையில் அதை ‘சைனா கிராஸ்’ என்று கேட்டு வாங்குகிறோம் அல்லவா?

மூன்றரை மணிக்கு மேல் ஷுன்பு. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள மீனவர் ஊர், டாக்சியில் அரை மணிக்குள் போய்விடலாம். இந்த ஊர்ப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் வைத்து, நடுவில் எலும்புக் குச்சியைச் செருகுவார்கள். மொட்டுகளை நூலில் கோத்து வட்டமாக்குவதைப் பார்த்தால் நம் பூக்காரம்மாவின் கை அசைவுதான். இந்தப் பிறவியில் பூச்சூடினால் அடுத்த பிறவியில் அழகாகப் பிறப்பாய் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. 2023இல் ஒரு நடிகையின் படங்கள் பரவியதிலிருந்து நாடு முழுக்க இருந்து பெண்கள் வந்து பூவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தெருமுழுக்க ஒப்பனைக் கடைகள். சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய கடையின் முழு ஒப்பனைத் தொகுப்பை விட்டுவிட்டு, தன் தலையிலும் பூ வைத்திருக்கும் வயதான அம்மா யாரிடமாவது பூ மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில பத்து யுவான் ஆகும். வாசமுள்ள உண்மையான பூவா, துணிப்பூவா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் மனைவிக்குப் பூ வைத்துப் பழக்கம் என்றதும் அந்த அம்மாவுக்கு வரும் சந்தோஷத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். பின்சந்துகளில் சிப்பி ஓட்டை அடுக்கிக் கட்டிய வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். ஓடுகள் உள்ளங்கையைவிடப் பெரியவை. வெளிநாடு போன கப்பல்கள் திரும்பும்போது பாரத்துக்காக ஏற்றிவந்தவை என்று ஊரார் சொல்கிறார்கள்.

லுவோயாங் பாலத்துக்கும் போகலாமா என்று கேட்பீர்கள். 1059இல் கட்டி முடித்த கல்பாலம். தூண்களின் அடியில் சிப்பிகளை வளர்த்து அவற்றின் பிடிப்பாலேயே கற்களை இறுக்கிய அபூர்வமான வேலை. ஆனால் ஷுன்புவும் அதுவும் ஒரே நாளில் வேண்டாம். பொறியாளர் யாராவது கூட வந்தால் பாலம், இல்லையென்றால் பூ.

இனி கடைகள். ஊருக்கு வாங்கிவரத் தகுதியானவை இரண்டு: தேயிலை, வெள்ளைப் பீங்கான். இரண்டுமே சுவான்சௌவின் ஆளுகைக்குள் உள்ள மலைநாட்டுப் பொருட்கள். தேயிலை என்ற நம் சொல்லில் உள்ள ‘தே’யே இந்தக் கரையின் மின்னான் பேச்சிலிருந்து கப்பலேறியது. வடக்கே தரைவழி போன சொல் ‘சாய்’ ஆனது, இங்கிருந்து கடல்வழி போனது ‘தே’ ஆனது. அன்ஷி வட்டத்தின் தியெகுவான்யின் இங்கே அரசி. இலைகள் உருண்டையாகச் சுருண்டிருக்கும், ஏழெட்டு கிராம் பொட்டலங்களாகக் காற்று நீக்கி அடைத்து விற்பார்கள். இரண்டு வகை உண்டு. பச்சையாக, பூமணம் வீசும் சிங்ஷியாங். வறுத்து, பழுப்பு நிறச் சாறு தரும் நோங்ஷியாங். பால் தேநீரில் வளர்ந்த நம் நாக்குக்கு நோங்ஷியாங் சீக்கிரம் பிடிபடும், கெட்டுப்போகவும் செய்யாது. சிங்ஷியாங் குளிர்பெட்டியில் இல்லாவிட்டால் சில மாதங்களில் மணத்தை இழந்துவிடும். நம் சமையலறை அலமாரிக்கு அது ஆகாது. கடையில் உட்காரவைத்துச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். குடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். மூன்றாவது, நான்காவது ஊற்றலிலும் சுவை நிற்கிறதா என்று பாருங்கள், முதல் ஊற்றல் எல்லாத் தேயிலையிலும் நன்றாகத்தான் இருக்கும். தேவ வகை, அரச வகை என்று பெட்டியின் அலங்காரத்துக்குக் கொடுக்கும் விலையை மிச்சம் பிடியுங்கள்; பெட்டியில்லாமல் பொட்டலமாகக் கேட்டால் தருவார்கள்.

பீங்கான் தெஹ்வா வட்டத்தில் செய்வது. பாலாடை நிறம், தந்தத்தின் மினுமினுப்பு. மிங் காலத்திலிருந்தே ஐரோப்பா வரை போனது. குவான்யின் சிலைகள் பிரசித்தம், ஆனால் விமானத்தில் விரல் உடையும்; என் அனுபவம் அதுதான். மூடிபோட்ட தேநீர்க் கிண்ணமோ, நான்கு சின்னக் குவளைகளோ வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரியவேண்டும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், அடிவட்டம் வழுவழுப்பாகத் தேய்த்திருக்கிறதா என்று பாருங்கள். எளிய குவளை இருபது, முப்பது யுவானுக்கே கிடைக்கும். கைவேலை என்று நூற்றுக்கணக்கில் சொன்னால், செய்தவரின் முத்திரை அடியில் இருக்கிறதா என்று பார்த்துப் பேரம் பேசலாம். சுற்றித்தர அவர்களே பஞ்சும் பெட்டியும் வைத்திருக்கிறார்கள்.

பெட்டியில் இடம் இருந்தால் யோங்சுன் ஊதுபத்தி. அரபு வணிகர் குடும்பமான பூ வம்சத்தின் வழிவந்தவர்கள் அந்த மலையூருக்குக் கொண்டுபோன தொழில் அது; சந்தன மணம் நம் பூஜையறைக்கு நன்றாகப் பொருந்தும். குழந்தைகளுக்குக் கைப்பொம்மலாட்டப் பொம்மை. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய தலையா, வார்த்த நெகிழியா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். மேற்குத் தெருவின் காந்தப் படங்கள், சாவிக்கொத்துகள், பளிங்கு மாலைகள் சீனா முழுக்கக் கிடைப்பவை, அவற்றை விட்டுவிடலாம்.

ஆறு மணிக்கு மேல் மேற்குத் தெருவில் கூட்டம் நெருக்கும். 1934இல் கட்டிய வெள்ளை மணிக்கூண்டு வரை ஒரு நடை போய்விட்டுச் சந்துகளுக்குள் திரும்பிவிடுங்கள். சிவப்புச் செங்கல் வீடுகள், தகைவிலான் குருவியின் வால் போல் இரண்டாகப் பிரிந்து உயரும் கூரை முனைகள். சில சுவர்களில் செங்கலும் கருங்கல்லும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். நிலநடுக்கத்தில் இடிந்ததைப் பொறுக்கி மறுபடி கட்டிய முறை என்று சொல்வார்கள். எங்காவது நான்யின் இசை கேட்டால் உட்கார்ந்துவிடுங்கள். பிப்பா என்ற நரம்பு வாத்தியத்தை மற்ற ஊர்களில் நிமிர்த்திப் பிடிக்கிறார்கள். இங்கே மட்டும் தாங் காலத்து வழக்கப்படி மடியில் படுக்கைவாட்டில், நம் வீணையைப்போல. பாட்டு மிகவும் மெதுவாக நகரும். ஓர் எழுத்தை ஒரு நிமிடம் இழுப்பார்கள். கால் வலித்த நாளின் முடிவில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

பணம், வழி பற்றிச் சுருக்கமாக. கைபேசியில் அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்து, ஷியாமெனில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். பூ விற்கும் அம்மாகூட அதில்தான் வாங்குகிறார். கூகுள் வரைபடம் அங்கே உதவாது, ஆமாப் (Amap) என்ற சீன வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கவேண்டிய இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் சேமித்து வைத்தால் டாக்சிக்காரரிடம் காட்டினால் போதும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா 2025 ஜூலையிலிருந்து மறுபடி தருகிறார்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போய்வரலாம். அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம், அது தேசிய விடுமுறை, தெருவில் கால்வைக்க இடம் இருக்காது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளி பார்த்துத் தேதி வையுங்கள்.

திரும்பும் ரயிலை ஒன்பது மணிக்கு மேல் போகாமல் எடுங்கள். நிலையம் நகரத்தின் வடக்கே தள்ளி இருக்கிறது, சனிக்கிழமை இரவில் டாக்சிக்குக் காத்திருக்க நேரிடும். கிளம்பும் முன் பசித்தால் இன்னொரு கிண்ணம் மியென்ஷியென்ஹூ; இரவிலும் விற்பார்கள். இந்தத் தடவை மிளகுத்தூள் டப்பாவை நீங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள்.